வேண்டிக்கொண்டது அவர், மொட்டை எனக்கு

வாயைத் திறக்காமல் இருப்பதற்காகவே இத்தனை வருஷம் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வேலையை விட்டு வந்த பிறகு, "துறையில மலர் போடறோம், நீங்க ஏதாவது எழுதிக் குடுங்க அக்கா" என்று பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். உட்கார்ந்திருந்தபோது விழுங்கிய பேச்சையெல்லாம் எழுதினால் மலர் தாங்காது. ஒரு மொட்டைக் கதையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் வேலை என்ன என்று சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள், மீதிப் பேர் தப்பாக நினைப்பார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னீர்குப்பம் பக்கத்தில் ஒரு கல்லூரி. அங்கே ஓவியமும் போட்டோகிராபியும் சொல்லிக்கொடுக்கும் துறையில் நான் மாடல். புடவை கட்டி, கொண்டை போட்டு, பூ வைத்து, மர மேடை மேல் நாற்காலியில் உட்காருவேன். காலையில் பிள்ளைகள் சுற்றி நின்று வரைவார்கள். மத்தியானம் போட்டோ வகுப்பில் விளக்கைப் போட்டுப் படம் எடுப்பார்கள். அவ்வளவுதான்.

எங்கள் நெமிலிச்சேரித் தெருவில், "சும்மா குந்தறதுக்கா துட்டு குடுக்கறாங்க?" என்று கேட்காதவர்கள் இல்லை. அப்படிக் கேட்டவர்களை வீட்டு முக்காலியில் உட்காரவைத்து, "பேசாம அசையாம அந்த ஆணியையே பாரு" என்பேன். நான் காப்பி கலந்து கொண்டுவருவதற்குள் மூக்கைச் சொறிந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு யாரும் கேட்டதில்லை.

இந்த வேலைக்கு நான் கோபத்தால் வந்து சேர்ந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தேன். கம்பெனியை மூடிவிட்டார்கள். கல்லூரி கேன்டீனில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தேன். ஆபீசில் இருந்தவன், "அப்டி குந்துமா, கூப்புடறேன்" என்று பெஞ்சைக் காட்டிவிட்டு மறந்தே போனான். எழுந்து போனால் அவன் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. வெயில் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போய்விட்டது, நான் அசையவில்லை. அந்தப் பக்கமாகப் போய் வந்துகொண்டிருந்த ஒல்லியான மனிதர் ஒருவர் கடைசியில் என் எதிரில் வந்து நின்றார். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் சாக்பீஸ். அவர்தான் துறைத்தலைவர் ஞானமணி சார்.

"அம்மா, காலையில பாத்தேன். சாப்பிட்டு வந்தும் பாத்தேன். நீங்க கொஞ்சங்கூட அசையல."

"கோவத்துல கீறேன் சார். அசைஞ்சா எதுனா சொல்லிடுவேன்."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதே கோபத்தோட நாளைக்கும் வந்து உக்கார முடியுமா?"

"சும்மா வராது சார். யாராவது கெளப்பி உடணும்."

"தேவைப்பட்டா அதை நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

இப்படித்தான் சேர்ந்தேன். முதல் வாரத்திலேயே ஒரு கூத்து. எதிர்ச் சுவரில் ஏதாவது ஒரு கறுப்புப் புள்ளியைப் பிடித்துக்கொள்ளுங்கள், கண் அதைவிட்டுப் போகக்கூடாது என்றார் சார். நானும் பிடித்துக்கொண்டேன். அது பல்லி. அது மெதுவாகப் போகப் போக நானும் மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருந்திருக்கிறேன். வகுப்பு முடிந்து பார்த்தால் ஒரு படத்தில் நேராகப் பார்க்கிறேன், பக்கத்துப் படத்தில் சன்னலைப் பார்க்கிறேன், கடைசிப் பையன் படத்தில் காது மட்டும்தான் தெரிகிறது. மறுநாள் சாரே பெயின்ட் எடுத்துவந்து சுவரில் ஒரு புள்ளி வைத்தார். அந்தப் புள்ளியைத்தான் நான் ஓய்வு பெறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

போட்டோ வகுப்பு வேறு விதமான தொல்லை. வெளிச்சம் அளக்கிறேன் என்று கன்னத்தருகே ஒரு சின்னப் பெட்டியை நீட்டுவார்கள். பிளாஷ் அடித்தால் எனக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். புதுப் பிள்ளைகளின் முதல் படங்களில் நான் தூங்கிக்கொண்டே இருப்பேன்.

என் வீட்டுக்காரருக்கு ஆரம்பத்தில் சந்தேகம். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறவர். நைட் டூட்டி முடிந்த ஒரு காலை, நேராகக் கல்லூரிக்கு வந்து, "நான் குந்தி பாக்கலாமா சார்?" என்று கேட்டார். பாருங்கள் என்று சார் பின்னால் ஒரு நாற்காலி போட்டார். நான் உட்கார்ந்ததை அவர் எவ்வளவு நேரம் பார்த்தாரோ தெரியாது, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். பாதிப் பிள்ளைகள் என்னை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பி அவரை வரைந்தார்கள். அவருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. வரைய ரொம்பச் சுலபமாக இருந்ததாம். அதற்குப் பிறகு அவர் சந்தேகப்படவில்லை.

சாருடைய முறைகளைச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது. நான் மேடை ஏறி உட்கார்ந்ததும் அவர் மண்டிபோட்டு, நாற்காலியின் நாலு கால்களையும் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுவார். பிறகு என் பாதத்தைச் சுற்றி, புடவைக் கரை தரையைத் தொடுகிற இடத்தில் ஒரு கோடு. இடைவேளை முடிந்து வந்தால் அதே கோட்டுக்குள் அதே மாதிரி உட்காரவேண்டும். கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிற நூல்குண்டு ஒன்று வைத்திருப்பார். அதை ஒரு கண்ணை மூடிக்கொண்டு எனக்கு எதிரில் தொங்கவிட்டு, "மாடலுடைய இடது தோள் ஒரு விரல் இறங்கிடுச்சு" என்பார். என்னிடம் சொல்லமாட்டார், காற்றிடம் சொல்வார். நான் ஏற்றிக்கொள்வேன். மேடைக்குக் கீழே நான் தேவகி அம்மா, டீ குடிச்சீங்களா, ட்ரெயின் லேட்டா என்று கேட்பார். மேடை ஏறிவிட்டால் நான் மாடல். மாடல் பேசக்கூடாது, மாடலோடு யாரும் பேசக்கூடாது. பிள்ளைகளிடமும் அதட்டிப் பேசமாட்டார். படத்தின் எதிரில் நின்று மெதுவாக ஒரு கேள்வி கேட்பார். அதற்குப் பதில் தேடியே பிள்ளைகள் இளைத்துப்போவார்கள்.

அப்படி ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டவள்தான் ஷபானா. பூந்தமல்லியில் மெத்தைக் கடை வைத்திருந்தவருடைய மகள். கடைசி வருஷம் உருவப் படத் தேர்வில் அவள் என் கொண்டையையும் பூவையும் அப்படி இழைத்து இழைத்துப் போட்டாள். முகத்துக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. சார் பார்த்துவிட்டு, "முடி பிரமாதம். ஆள் எங்கம்மா?" என்றார். அந்த ஒரு பேப்பரில் ஃபெயில்.

அடுத்த வருஷம் திரும்ப எழுத வந்தாள். இந்தத் தடவை விஷயம் பெரிசு. ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் வேலை பேசி வைத்திருந்தார்கள். பாஸ் ஆனால் ஜூனில் வந்து சேர் என்றார்கள். அவளுடைய அத்தா, அந்த மெத்தைக் கடைக்காரர், கெட்டவர் இல்லை, ஆனால் கறாரானவர். "இதுலயும் போச்சுன்னா கடையில உக்காரு. பஞ்சு அடைக்க பெயின்டிங் தேவையில்ல" என்று சொல்லிவிட்டார்.

"அக்கா, என்னைப் பஞ்சு மூட்டைக்கு நடுவுல உக்கார வெச்சுடாதீங்க. இந்த வாட்டி நல்லா உக்காருங்க" என்றாள் என்னிடம்.

"நான் என்னிக்கிடி நல்லா குந்தல? நீ மூஞ்சிய மொதல்ல போடு" என்றேன்.

தேர்வு அஞ்சு நாள். திங்கள் முதல் வியாழன் வரை நாலு நாள், வெள்ளிக்கிழமை லீவு, சனிக்கிழமை கடைசி நாள். அன்று மத்தியானம் வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். என்னை மேடையில் உட்காரவைத்துவிட்டு, ஒவ்வொரு படத்தையும் என்னோடு ஒப்பிட்டு மார்க் போடுவார். போட்டோ பார்த்து வரையக்கூடாது. எதிரில் இருப்பதைத்தான் வரையவேண்டும். அது சாருடைய சட்டம்.

தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் என் வீட்டுக்காரர் டீயை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்தார்.

"தேவகி, ஒரு சின்ன விசயம்."

"இன்னா?"

"பகல் டூட்டி போட்டுட்டாங்க."

எனக்கும் சந்தோஷம்தான். ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "நல்லதாப் போச்சு" என்றேன்.

"திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கினேன். மொட்டை போடறேன்னு."

"யாருக்கு?"

அவர் டீ டம்ளருக்குள் பார்த்தார். "எனக்குத்தான் போட ஒண்ணும் இல்லியே."

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும் கையிலிருந்த கரண்டியைப் பத்திரமாகக் கீழே வைத்தேன். என் முடி இடுப்புக்குக் கீழே இருக்கும். கொண்டை போட்டால் இரண்டு கை கொள்ளாது. அதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முருகனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். "உனக்கு நெறய கீதே" என்கிறார். சாமி விஷயமாயிற்றே, மறுத்தால் வீட்டுக்காகாது என்று பயம். கிருத்திகை வெள்ளிக்கிழமை வந்தது. போயே ஆகவேண்டும் என்றார்.

அந்த நாலு நாளும் நான் மேடையில் உட்கார்ந்திருந்தது போல வாழ்க்கையில் உட்கார்ந்ததில்லை. தோள் இறங்கவில்லை, கால் மரத்துப்போனது தெரியவில்லை. கண் சுவர்ப் புள்ளியில் இருந்தது, மனசு அந்தாளின் டீ டம்ளரில் இருந்தது. சார் நூல்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். பிறகு வகுப்பைப் பார்த்து, "முன்னால இருக்கிற மாடலைப் பாருங்க. மனசுல இருக்கிற அம்மாவை வரையாதீங்க" என்று மட்டும் சொன்னார். யார் காதிலும் ஏறவில்லை.

வியாழக்கிழமை இடைவேளையில் நான் ஒவ்வொரு ஸ்டாண்டாகப் போய்ப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் கொண்டை ஏறிவிட்டது. பூ வைத்தாயிற்று. முகமும் தெய்வம் மாதிரி சாந்தமாக இருந்தது. இனிமேல் என் தலையில் முடி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, சனிக்கிழமை சேலையும் கையும்தானே பாக்கி என்று கணக்குப் போட்டேன். ஷபானா படத்தை மட்டும் பார்க்கவில்லை. அவள் இடைவேளையில் துணி போட்டு மூடிவிடுவாள், யாருக்கும் காட்டமாட்டாள். ஒரு படத்தைப் பார்க்காமல் விட்டதைத் தவிர அந்தக் கணக்கில் தப்பு இருந்ததாக நான் இன்று வரை ஒத்துக்கொண்டதில்லை.

வெள்ளிக்கிழமை நெமிலிச்சேரியிலேயே ட்ரெயின் ஏறித் திருத்தணி போனோம். முடி இறக்கி, குளித்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு திரும்பினோம். ட்ரெயினில் சன்னல் ஓரம் உட்கார்ந்தேன். காற்று அடித்தது பாருங்கள், சொன்னால் தெரியாது. மண்டைக்குள்ளேயே போய்வந்தது. திருவள்ளூர் வருவதற்குள் என் கோபம் முழுவதும் இறங்கிவிட்டது. அவர் வேர்க்கடலை வாங்கித் தந்தார், நானும் தின்றேன்.

சனிக்கிழமை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போனேன். மேடை ஏறினேன், கோட்டுக்குள் காலை வைத்தேன், புள்ளியைப் பார்த்தேன், முந்தானையை இறக்கினேன். யாரோ பிரஷ்ஷைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. சார் அருகில் வந்தார். முழுத் தலையையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். நூல்குண்டை எடுத்துத் தொங்கவிட்டு, "மாடலுடைய கழுத்து இப்பதான் சரியாத் தெரியுது. ஆரம்பிக்கலாம்" என்றார்.

ஷபானா பக்கமிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. முதல் இடைவேளையில் இறங்கி ஓடினேன். படத்தைப் பார்த்தால் முகம் முடிந்திருக்கிறது. நெற்றிக்கு மேல் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை கேன்வாஸ்.

"முடி எங்கடி?"

"போன வருஷம் முடியை மொதல்ல போட்டுத்தானே அக்கா ஃபெயில் ஆனேன். அதான் இந்த வாட்டி கடைசியா வெச்சிருந்தேன். நீங்க இப்படிப் பண்ணிட்டீங்களே."

ஒரு பையன் போட்டோ லேபிலிருந்து என் பழைய படம் கொண்டுவருகிறேன் என்றான். சட்டப்படி கூடாது. இன்னொருத்தி ஆண்டு விழா நாடகத்துக்கு வைத்திருந்த சவுரி முடியைக் கொண்டுவந்தாள். அதை வைத்துப் பார்த்தால் நான் சூர்ப்பனகை மாதிரி இருந்தேன். ஷபானா அந்த நேரத்திலும் சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேணாம்கா. எதிர்ல என்ன இருக்கோ அதானே சட்டம். மேல ஏறி உக்காருங்க" என்றாள். மத்தியானத்துக்குள் மொட்டையைப் போட்டுவிட்டாள். காதுக்கு மேலே சந்தனம் காய்ந்து வெடித்திருந்ததுகூட அதில் இருந்தது.

தேர்வாளர் வந்தார். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அதைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்ப்பார், கழற்றிவிட்டு என்னைப் பார்ப்பார். முதல் படத்தில் கொண்டை, மேடையில் மொட்டை. திகைத்துப்போனார். இடைவேளையில் என்னிடம் முழுக் கதையும் கேட்டு வைத்திருந்த சார் திருத்தணி என்று ஒரு வார்த்தை சொன்னதும், "ஓகோ, சாமி விஷயமா, அப்ப முடியை விட்டுடுவோம். முகத்தைப் பாப்போம்" என்று தாராளமாகச் சொன்னார். ஒவ்வொரு படமாக நகர்ந்து கடைசியில் ஷபானா படத்துக்கு வந்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

"தலை சரியா இருக்கு. ஆனா இந்த முகம் யாரோடது? அந்தம்மா எவ்வளவு சாந்தமா இருக்காங்க. மத்த எல்லாரும் அப்படித்தான் போட்டிருக்காங்க. இது அடிக்க வர்ற மாதிரி இருக்கு. ஒப்புமையே இல்லையே சார். ஒப்புமை இல்லாம நான் எப்படி பாஸ் போடறது?"

ஷபானா கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் ஒருத்திதான் நாலு நாளும் என்னைப் பார்த்திருக்கிறாள். மற்றவர்கள் எல்லாம் தங்கள் அம்மாவைப் பார்த்திருக்கிறார்கள். நானோ அந்த நேரம் பார்த்து, தலைக்கு நேர் மேலே ஓடிய ஃபேனுக்கு அடியில், மொட்டைக் குளிர்ச்சியில், கோயில் சிலை மாதிரி சாந்தமாக உட்கார்ந்திருக்கிறேன். வாயைத் திறந்து சொல்லலாம் என்றால் மாடல் பேசக்கூடாது. சரி, கோபப்பட்டாவது காட்டுவோம் என்று முக்கிப் பார்த்தேன். ரேஷன் கடைக்காரனை நினைத்தேன். பெஞ்சில் உட்காரவைத்த அந்த ஆபீஸ்காரனை நினைத்தேன். வரவில்லை. வேண்டாத நேரமெல்லாம் வருகிற கோபம், அவசரத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறது.

தேர்வாளர் பேனா மூடியைக் கழற்றினார்.

சார் மேடைக்கு அருகில் வந்தார். சாக்பீஸ் கோட்டைத் தாண்டாமல் நின்றார்.

"தேவகி அம்மா" என்றார். மேடையில் இருக்கும்போது அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "ஒண்ணு கேக்கலாமா? பதில் சொல்லலாம், பரவாயில்ல."

நான் கண்ணைச் சிமிட்டினேன்.

"உங்க வீட்டுக்காரர் தலையில முடி இருக்கா?"

அவ்வளவுதான். அடிவயிற்றிலிருந்து கிளம்பியது.

"முடியா? அந்தாளுக்கா? எங்க சார் கீது? கல்யாணத்தன்னிக்கே தலப்பாவோட வந்தாரு. நானும் மாப்ள இன்னா கம்பீரமா கீறாருன்னு நெனச்சேன். பகல் டூட்டி அவருக்கு. நைட்ல கால நீட்டி தூங்கப்போறது அவரு. மொட்டை எனக்கா? எண்ண வெச்சு, சீயக்கா தேச்சு, பேன் பாத்து வளத்தது நானு. பொறந்ததுலேர்ந்து என்கூட வந்த முடி சார் அது, இவரு நேத்து வந்தவரு. கேட்டா, உனக்கு நெறய கீதேன்றாரு. நெறய கீதுன்னா எட்த்து குட்த்துடறதா? அவருக்குந்தான் வாய் நெறய கீது, நான் வேண்டிக்கினு போய் தெச்சுட்டு வந்தனா?"

இதையெல்லாம் சொல்லும்போது என் தலை திரும்பவில்லை. கண் சுவர்ப் புள்ளியிலேயே இருந்தது. பாதம் கோட்டுக்குள் இருந்தது. தோள்கூட இறங்கவில்லை என்று சார் பிறகு சொன்னார். வாய் மட்டும்தான் ஓடியது. கடலை வாங்கிக்கொடுத்து என்னை ஏமாற்றிய விஷயத்துக்கு வந்தபோது, தேர்வாளர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டார். மெதுவாக ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"போதும்மா" என்றார்.

"இன்னும் கீது சார்."

"வேணாம்மா. இதே முகம்தான். புருவம்கூட மாறல." எழுதினார். எழுதிவிட்டு ஷபானாவிடம், "பாஸ்மா. இந்த முகத்தை நாலு நாள் நேருக்கு நேர் பாத்தியா? தைரியசாலிதான்" என்றார்.

சார் சாக்பீஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "மாடல் ஓய்வெடுக்கலாம்" என்றார்.

ஷபானா மேடை ஏறிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் சட்டையெல்லாம் என் சந்தனம். நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஜூனில் ஆவடிப் பள்ளியில் சேர்ந்தாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள், சின்னப் பிள்ளைகளிடம் முடியைக் கடைசியாகப் போடச் சொல்கிறாளாம்.

படத்தை எனக்கே கொடுத்துவிட்டாள். செய்தித்தாளில் சுற்றி ட்ரெயினில் கொண்டுவந்தேன். என் வீட்டுக்காரர் பகல் டூட்டி முடிந்து, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, லுங்கியோடு கதவைத் திறந்தார். காகிதத்தைப் பிரித்து எதிரில் நிறுத்தினேன். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுக்கு நைட் டூட்டியே தேவலாம்" என்றார்.

முடி எனக்குத் திரும்ப வளர்ந்துவிட்டது. இப்போது இடுப்புவரை இருக்கிறது. படம் எங்கள் வீட்டில் முருகன் காலண்டருக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறது, ஆணி அடித்தது நான்தான். அவர் இன்றும் எதற்காவது கண்ணை மூடி வேண்டிக்கொள்கிறார். ஆனால் ஆரம்பிப்பதற்கு முன் ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, தேங்காயோடு நிறுத்திக்கொள்கிறார்.